இரண்டு கரண்டியும் ஒரு தண்ணீர்த் தாங்கியும்

கேள்வி: வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் உள்ள ஒன்பது மாடி ஃபிளாட்டில் பதினொரு வருடமாக இருக்கிறோம். மொத்தம் 36 வீடுகள். இருபது தமிழ்க் குடும்பங்கள், பத்து முஸ்லிம் குடும்பங்கள், ஆறு சிங்களக் குடும்பங்கள். இந்த வருடம் நிர்வாகக் குழுவுக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். வேறு யாரும் கை தூக்கவில்லை, அதுதான் காரணம். சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த ஞாயிறு, கீழே வாகனம் விடும் இடத்தில் கதிரை போட்டு ஒன்றுகூடல் ஒன்று வைத்தேன். 14 வீட்டார்தான் வந்தார்கள். வந்தவர்களும் மூன்று கும்பலாகப் பிரிந்து இருந்தார்கள். யாரோ கோழிக்கறிக் கரண்டியைப் பருப்புக்குள் போட்டுவிட, ஏழாம் மாடி அம்மா சாப்பிடாமலே எழுந்து போனார். ஐந்தாம் மாடிக்காரர் கோழி ஹலாலா என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. கடைசியில் பார்க்கிங் கதை வந்து, இரண்டு பேர் கை நீட்டிச் சண்டை பிடிக்கும் அளவுக்குப் போனது. 2022இல் மின்வெட்டும் காஸ் தட்டுப்பாடும் வந்தபோது இதே ஆட்கள்தான் மொட்டைமாடியில் ஒரே அடுப்பில் சமைத்தோம். இப்போது லிஃப்டுக்குள் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். 'இது எங்கள் கட்டடம்' என்ற எண்ணம் வர என்ன செய்யலாம்? தீபாவளிக்கு இன்னொரு ஒன்றுகூடல் வைக்கவா? 'உனக்கேன் இந்த வேலை' என்கிறார் கணவர்.

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

தீபாவளிக்கு வைக்க வேண்டாம். இப்போதைக்கு எந்தப் பண்டிகைக்கும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன், நடந்தது உங்கள் பிழை இல்லை என்பதை மனதில் வையுங்கள். இருபது வருடத்துக்கு மேலாக அயலவர் பிணக்குகளுக்கு நடுவில் கதிரை போட்டு இருக்கிறவன் நான். விருந்து வைத்துச் சண்டை வந்த கட்டடங்களை எண்ணத் தொடங்கினால் இரண்டு கையும் போதாது.

உங்கள் பருப்புச் சட்டிக்கு ஒரு பழைய உறவுக்காரர் இருக்கிறார். 1954 கோடையில், அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், துருக்கியில் பிறந்த முஸாஃபர் ஷெரிஃப் என்ற சமூக உளவியலாளர், பதினொரு பன்னிரண்டு வயதுப் பையன்கள் 22 பேரை ஒரு கோடை முகாமுக்குக் கூட்டிப்போய் இரண்டு அணியாகப் பிரித்தார். பரிசு வைத்துப் போட்டிகள் நடத்தினார். சில நாட்களிலேயே ஒரு அணியின் கொடியை மற்ற அணி எரித்தது, தங்கும் குடிலுக்குள் புகுந்து சாமான்களை இழுத்துப் போட்டது. சரி, சமாதானம் ஆக்குவோம் என்று இரண்டு அணியையும் ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள், படம் காட்டினார்கள். பையன்கள் சாப்பாட்டை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். அதன் பிறகு முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றது. நிறுத்தியவர்கள் ஆய்வாளர்கள்தான், பையன்களுக்கு அது தெரியாது. தாகத்தோடு இரண்டு அணியும் குழாய் வழியே நடந்து மேட்டில் இருந்த தாங்கி வரை போய், அடைத்திருந்த சாக்குத் துணியைச் சேர்ந்து பிடுங்கினார்கள். தண்ணீர் வந்ததும் ஒன்றாகக் கூத்தடித்தார்கள். இரவுச் சாப்பாட்டில் மறுபடி பழைய சண்டை. பழுதான லொறியைக் கயிறு கட்டி இழுப்பது மாதிரி இன்னும் சில வேலைகளைச் சேர்ந்து செய்த பிறகுதான் பகை கரைந்தது.

இந்த ஆய்வைப் பற்றிப் பின்னாளில் குறைகளும் சொன்னார்கள். பெரியவர்கள் பையன்களை மூட்டிவிட்டார்கள் என்பது அதில் முக்கியமானது. நியாயமான குறைதான். ஆனால் அந்தச் சாப்பாட்டு மேசையும் தண்ணீர்த் தாங்கியும் நான் பார்த்த கொழும்பு ஃபிளாட்டுகளில் அப்படியே நடந்திருக்கின்றன.

விருந்தில் ஒருவருக்கு மற்றவர் தேவையில்லை. சாப்பாடு தனித்தனியாகவும் இறங்கும். சும்மா இருக்கிறபோது கண் வித்தியாசத்தைத்தான் தேடும்: யார் எதைத் தொடவில்லை, யார் எந்த மொழியில் சிரித்தார்கள். 2022ஐ நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணிநேரம் வரை போனது. லிஃப்ட் நின்றது, மோட்டர் ஓடாததால் மேல் தாங்கியில் தண்ணீர் இல்லை. எட்டாம் மாடிக் கிழவருக்கு யாராவது வாளி தூக்கினால்தான் உண்டு. அடுப்பு வைத்திருந்தவருக்கு விறகு இல்லை, விறகு கொண்டு வந்தவருக்கு அடுப்பு இல்லை. யாரும் உங்களுக்கு ஒற்றுமை பற்றிப் பேச்சுக் கொடுக்கவில்லை. அந்தக் கஷ்டம் திரும்பி வரவேண்டாம். ஆனால் கஷ்டம் இல்லாத நாளிலும் ஒருவருக்கு மற்றவர் வேண்டியிருக்கிற ஒரு வேலை உங்கள் கட்டடத்தில் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அது இல்லை, ஆனால் எந்த ஒன்பது மாடியிலும் அது இல்லாமல் இருக்காது.

தண்ணீர்த் தாங்கி கழுவுவதைச் சொல்கிறேன்.

கடைசியாக உங்கள் மேல் தாங்கியை எப்போது கழுவினார்கள் என்று வாட்சரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் தலையைச் சொறிவார். தெஹிவளையில் ஒரு ஃபிளாட்டில் பார்க்கிங் பிணக்குக்காக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பார்க்கிங்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு, குழாய்த் தண்ணீர் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டேன். மொட்டைமாடிக்கு ஏறிப் போனோம். தாங்கியின் மூடி ஒரு மூலையில் உடைந்திருந்தது. தண்ணீரை வடித்துப் பார்த்தால் அடியில் சேறு, அதற்குள் எட்டு டெனிஸ் பந்து. மாலையில் அங்கே கிரிக்கெட் விளையாடும் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பந்தும் எந்த வருடம், யார் அடித்த சிக்ஸர் என்று இரண்டாம் மாடிச் சிங்களப் பையன் கணக்குச் சொல்லத் தொடங்க, அதுவரை பார்க்கிங்குக்காக முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு தகப்பன்மாரும் சிரித்துவிட்டார்கள். பார்க்கிங் பிணக்கு அன்றைக்குத் தீரவில்லை. தீர இன்னும் நாலு மாதம் எடுத்தது. ஆனால் அந்த நாலு மாதமும் அவர்கள் கதைத்தார்கள்.

இந்த வேலையில் உள்ள நன்மை, யாரும் விலகி நிற்க முடியாது. தாங்கி கழுவ அரை நாள் தண்ணீர் நிறுத்த வேண்டும். 36 வீடும் முதல் நாள் இரவே வாளி நிரப்ப வேண்டும். அப்படியானால் 36 வீட்டுக்கும் செய்தி போகவேண்டும், அவரவருக்கு விளங்கும் மொழியில். தனியாக இருக்கும் வயதானவர்கள் யார், கைக்குழந்தை உள்ள வீடு எது, யாருக்கு யார் வாளி நிரப்புவது என்று பார்க்க வேண்டும். கழுவிய பிறகு குளோரின் போட்டு, அதை வடித்து, திரும்ப நிரப்பி, ஒவ்வொரு மாடியிலும் முதல் தண்ணீரைத் திறந்து விடவேண்டும். மாடிக்கு ஒருவர் என்றாலே ஒன்பது பேர். ஒரு எச்சரிக்கை: நிலத்துக்குக் கீழே உள்ள தாங்கிக்குள் வீட்டுக்காரர்களை இறக்காதீர்கள். காற்றோட்டம் இல்லாத குழி அது, உயிருக்கே ஆபத்து. அதற்குத் தொழில் தெரிந்த ஆட்களைப் பிடியுங்கள். மேல் தாங்கியும், வாளியும், செய்தியும்தான் உங்களுடையவை.

ஆட்களை எப்படிச் சேர்ப்பது? 'உதவ விரும்புவோர் பெயர் தரவும்' என்று நோட்டீஸ் ஒட்டினால் உங்கள் பெயர் மட்டும்தான் அதில் இருக்கும். கதவைத் தட்டி, ஒவ்வொருவரிடமும் ஒரு சின்ன வேலையை மட்டும் கேளுங்கள். 'உங்கள் மாடியில் ஆறு மணிக்கு ஒருமுறை குழாயைத் திறந்து பார்த்துச் சொல்வீர்களா, அண்ணன்?' அவ்வளவுதான். உதவி செய்யப் போகிறவரை விட உதவி கேட்கப் போகிறவருக்குக் கதவு அகலமாகத் திறக்கும் என்பது என் அனுபவம். பார்க்கிங்கில் கை நீட்டிய இரண்டு பேரிடமும் கட்டாயம் போங்கள். சத்தம் போடுகிறவருக்குக் கட்டடத்தில் அக்கறை இருக்கிறது. அந்த அக்கறைக்கு ஒரு வேலை கொடுக்காதபடியால்தான் அது சத்தமாக வருகிறது. குழுக்களைப் பிரிக்கும்போது மட்டும் கொஞ்சம் சூழ்ச்சி செய்யலாம்: மூன்று வீடு சேர்ந்த ஒரு குழுவில் மூன்றும் ஒரே சமூகமாக இருக்க வேண்டாம். வெளிப்படையாக அறிவிக்காதீர்கள், மாடி வரிசைப்படி போட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றைக் கவனித்தேன். வீடுகளை எண்ணியிருக்கிறீர்கள், வாட்சரையும் துப்புரவு செய்யும் அக்காவையும் எண்ணவில்லை. அந்தக் கட்டடத்தில் எல்லாரையும் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். மோட்டர் எப்போது சூடாகிறது, யார் வீட்டுக் குப்பைப் பை எந்த மாடியில் கிழிகிறது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த பையனோ, அநுராதபுரத்திலிருந்து வந்த ஐயாவோ, யாராக இருந்தாலும் திட்டம் போடும் கூட்டத்தில் அவருக்கும் ஒரு கதிரை போடுங்கள். தேத்தண்ணி கொண்டு வந்து கொடுக்கக் கூப்பிடாதீர்கள். இனங்களுக்கிடையே உள்ள தப்பெண்ணம் எப்போது குறையும் என்று 1954இலேயே எழுதிய கோர்டன் ஆல்போர்ட், சேர்ந்து வேலை செய்வதோடு, அந்த இடத்தில் எல்லாரும் சமமாக இருக்கவேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாகச் சொன்னார். நாம் அதை இனத்துக்கு மட்டும் பொருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுவோம்.

அடுத்தது நோட்டீஸ். உங்கள் லிஃப்டில் ஒட்டியிருப்பவை ஆங்கிலத்தில்தானே இருக்கின்றன? கொழும்பில் இதைப் பொது மொழி என்று நினைத்துச் செய்கிறோம். வீட்டில் இருக்கிற ஆச்சிக்கும், உம்மாவுக்கும், ஆச்சம்மாவுக்கும் அது விளங்காது, நாள் முழுக்கக் கட்டடத்தில் இருப்பவர்களோ அவர்கள்தான். சிங்களத்திலும் தமிழிலும் எழுதுங்கள், ஆங்கிலம் கீழே இருக்கட்டும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. அதன் பிறகும் எத்தனை அரச பலகையில் நம் மொழி எழுத்துப் பிழையோடு தொங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்த எரிச்சலை ஆறு சிங்கள வீட்டாருக்கு நீங்கள் கொடுக்காதீர்கள்: சிங்கள நோட்டீஸை ஒரு சிங்கள வீட்டாரிடம் கொடுத்து எழுதுவியுங்கள். போனில் உள்ள செயலி தரும் மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்ட வேண்டாம். எழுதித் தரச் சொல்லிக் கேட்பதும் ஒரு கதவு தட்டல்தானே.

இப்போது கொஞ்சம் கனமான விஷயம். செயலாளர் ஆனதும் செய்யத் தோன்றும் முதல் வேலை ஒரு படிவம் அடிப்பது: வீட்டில் யார் யார், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், தொழில். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1983 ஜூலையில் தமிழர்களைத் தாக்க வந்த கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தார்கள். போர்க் காலம் முழுக்க பொலிஸ் பதிவு என்ற பெயரில் இதே கேள்விகளைக் கேட்டார்கள். 2007 ஜூனில் உங்கள் வெள்ளவத்தை உட்பட கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டார்கள், உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. அதைப் பார்த்தவர்கள் உங்கள் கட்டடத்தில் இன்றைக்கும் இருப்பார்கள். 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வீட்டுச் சோதனைகளைக் கண்ட முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே நெஞ்சிடிதான். நல்ல எண்ணத்தோடு நீங்கள் நீட்டும் தாளை அவர்கள் வேறு கையிலிருந்து வந்த தாளாகப் பார்ப்பார்கள். உங்களுக்கு வேண்டியது வீட்டு இலக்கமும் அவசரத்துக்கு ஒரு போன் நம்பரும். அதையும் ஏன் கேட்கிறேன் என்று சொல்லி, 'தண்ணீர் நிறுத்தும்போது சொல்ல' என்று காரணம் காட்டி, வாயால் கேட்டு எழுதுங்கள்.

அப்புறம் வாடகைக்கு இருப்பவர்கள். ஒன்றுகூடலுக்கு வராத 22 வீட்டில் பாதியாவது வாடகை வீடாக இருக்கும் என்பது என் ஊகம். வெள்ளவத்தையில் உரிமையாளர் லண்டனிலோ டொரொண்டோவிலோ இருப்பார். வீட்டில் இருப்பது பிள்ளையின் படிப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தாய், அல்லது விசாவுக்காகக் காத்திருக்கும் குடும்பம். தொடர்மாடி உரிமைக்கான 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி கட்டடத்தை நிர்வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் உறுப்பினர்கள் வீட்டு உரிமையாளர்கள்தான். வாடகைக்காரருக்கு அதில் இடமில்லை. ஆகவே கூட்ட அறிவித்தல் லண்டனுக்குப் போகும், கூரை ஒழுக்கு இவர் தலையில் விழும். சட்டத்தை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் கூட்டத்தின் முதல் அரை மணிநேரத்தை, வாக்கெடுப்பு எதுவும் இல்லாமல், கட்டடத்தில் படுத்து எழும்பும் எல்லாருக்கும் திறந்து வைக்கலாம். 'நாங்கள் ரென்டுக்குத்தானே இருக்கிறோம்' என்று ஒதுங்குகிறவரிடம் ஒரு தாங்கி மூடியின் சாவியைக் கொடுத்துப் பாருங்கள். ஆறு மாதத்தில் போய்விடுவாராக இருக்கலாம். போகும்போது சாவியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்.

பார்க்கிங்கை இதோடு கலக்க வேண்டாம். அது பாசத்தால் தீராது, தாளால்தான் தீரும். வீட்டு உறுதிப்பத்திரத்தையும் கட்டடத்தின் பதிவு செய்த வரைபடத்தையும் எடுத்து, எந்த இடம் எந்த வீட்டோடு சேர்ந்தது, எது பொது என்று பாருங்கள். பொது இடத்தைத் தன்னுடையது என்று நினைத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் சத்தமாகப் பேசுவார்கள். அதன் பிறகும் முடியாவிட்டால், தொடர்மாடிகளைக் கவனிக்கும் அரச அமைப்பான கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கிறது. இரண்டு பேருக்கிடையிலான தனிப் பிணக்கு என்றால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தவை அவை. அங்கே தீர்ப்பு சொல்வதில்லை, இரு தரப்பையும் ஒரு இணக்கத்துக்குக் கொண்டுவரத்தான் பார்ப்பார்கள். ஒன்று மட்டும்: சாப்பாட்டுப் பந்தலில் இந்தக் கதையை இனி யார் தொடங்கினாலும், 'வியாழன் ஏழு மணிக்கு அதற்குத் தனிக் கூட்டம்' என்று சொல்லி எழும்பிவிடுங்கள்.

லிஃப்ட் வாசலில் இரண்டு பழைய கதிரை போட இடம் இருக்கிறதா? 1950இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, குடியிருப்பு ஒன்றில் யார் யாரோடு நட்பானார்கள் என்று பார்த்தது. குணத்தை விட, கதவு எங்கே இருக்கிறது, படிக்கட்டு எங்கே இறங்குகிறது, தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் அதைத் தீர்மானித்திருந்தது. பள்ளிக்கூட வான் வரும்வரை தாய்மார் நிற்கும் இடம் எது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். நிற்கிற இடத்தில் உட்கார வசதி செய்தால் ஐந்து நிமிடம் பத்தாகும். மின்விசிறி ஒன்றும் இருந்தால் கொழும்பு வெயிலுக்குப் புண்ணியம்.

சில கதவுகள் திறக்கவே மாட்டா. அதற்கு மனம் நோகாதீர்கள். சின்ன ஊரில் அயலட்டையின் கண்ணுக்குத் தப்பித்தான் சிலர் கொழும்புக்கே வந்தார்கள். வாளி நிரப்பச் சொன்னால் நிரப்பிவிட்டு, மாதக் காசைத் திகதிக்குக் கட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொள்கிறவரும் அந்தக் கட்டடத்துக்காரர்தான். கணவரிடமும் ஒன்று சொல்லுங்கள்: 'உனக்கேன் இந்த வேலை' என்று கேட்கும் ஆள் 2022இல் எத்தனை வாளி தூக்கினார் என்று நான் கேட்டதாக.

நாள் குறிக்கும்போது கவனம். வெள்ளி மத்தியானம் ஜும்ஆ தொழுகை. ஞாயிறு காலை தேவாலயமும், பௌத்தப் பிள்ளைகளின் தஹம் பாடசாலையும், முஸ்லிம் பிள்ளைகளின் அஹதியா வகுப்பும். பௌர்ணமிப் போயா தினத்தில் சில் என்ற பௌத்த விரதம் எடுப்பவர்கள் இருப்பார்கள். பிள்ளைகளின் டியூஷன் வேறு. நான் அறிந்தவரை சனிக்கிழமை அதிகாலை ஆறு மணிதான் யாருக்கும் மறுப்புச் சொல்லக் காரணம் இல்லாத நேரம், திட்டுவார்கள், ஆனால் வருவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பதால் அடுத்த தவணையும் தானாக வரும். ஷெரிஃப்பின் பையன்கள் மாதிரி, முதல் தடவைக்குப் பிறகு லிஃப்டில் மறுபடி எல்லாரும் போனைப் பார்த்தால் பயந்துவிடாதீர்கள்.

சாப்பாடு அதற்குப் பிறகு தானாக வரும், பெரிய சட்டியில் வராமல் சின்னத் தட்டில். நோன்பு காலத்தில் ஐந்தாம் மாடியிலிருந்து கஞ்சி வந்திருக்கும், பெருநாளுக்கு வட்டிலப்பம் வந்திருக்கும், இல்லையா? தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்று சீனி போட்டாவது கொடுத்தனுப்பும் பழக்கம் மூன்று சமூகத்துக்கும் பொது. தட்டு வீட்டுக்கு வந்தால், அவரவர் அடுப்பில், அவரவர் நேரத்தில், தொட்டதும் தொடாததும் யார் கண்ணுக்கும் தெரியாமல் முடிந்துவிடும். தாங்கி கழுவும் காலைக்கு வெறும் தேத்தண்ணியும் பாணும் பருப்பும் சம்பலும் போதும், எல்லாம் மரக்கறி, சம்பலில் மாசிக் கருவாடும் வேண்டாம். எப்போதாவது ஒருநாள் கறி வைக்கும் அளவுக்கு வந்தால் ஹலால் கடையில் எடுத்து, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மரக்கறிச் சட்டியைத் தனி மேசையில் வையுங்கள். அதற்கென்று கரண்டி ஒன்று வாங்கி, காம்பில் பச்சை நூல் கட்டி, ஏழாம் மாடி அம்மாவின் கையில் இப்போதே கொடுத்து வையுங்கள்.